கைடு வேணாம்னு முடிவு பண்ணின டிராவல்ஸ்காரங்களுக்கு: பேலம் குகை பத்தி ஒரு திறந்த மடல்

சென்னையிலேர்ந்து ஆந்திராவுல இருக்கற பேலம் குகை, கண்டிக்கோட்டைன்னு வீக்கெண்ட் பஸ் விடுற டிராவல்ஸ் நடத்துறவங்களுக்கு,

வாட்ஸப் குரூப்ல நீங்க போட்ட புது ப்ரோக்ராமைப் பார்த்தேன். முன்னாடி பேலம் குகைக்கு ரெண்டு மணி நேரம்னு இருந்தது இப்ப முக்கால் மணி நேரமா ஆயிருக்கு, 'கைடு உண்டு'ன்னு இருந்த வரியைக் காணோம், அதுக்குப் பதிலா 'கைடு தேவைப்படுறவங்க சொந்தச் செலவுல ஏற்பாடு பண்ணிக்கலாம்'னு இருக்கு. ஏன்னு குரூப்லயே கேட்டேன். 'உள்ள லைட் எல்லாம் போட்டிருக்காங்க மேடம், வழி நேரா தான் இருக்கும், கைடு சொல்றதை யாரும் கேக்கறதில்ல, கண்டிக்கோட்டைல சன்செட் மிஸ் ஆயிடுதுன்னு கம்ப்ளைண்ட் வருது'ன்னு பதில் வந்தது, கீழ பத்து பேர் கட்டைவிரல் போட்டாங்க. அந்தப் பதிலை அப்படியே விட்டுட என்னால முடியல, அதான் இவ்வளவு நீளமா எழுதறேன். உங்க டிராவல்ஸ் பேரை இங்க போடல. உங்களை மாதிரியே இதே ரூட்ல பஸ் விடுற இன்னும் சிலரும் இதே முடிவை எடுத்திருக்காங்கன்னு கேள்விப்படறேன், அவங்களும் படிக்கட்டும்.

முதல்ல 'வழி நேரா தான் இருக்கும்'ங்கறதைப் பேசிடலாம். பேலம் குகை நேர்வழி கிடையாது. மொத்தம் அளந்து வச்சிருக்கறது 3,229 மீட்டர், அதுல சுமார் ஒன்றரை கிலோமீட்டர் தான் நம்மளை மாதிரி ஆளுங்களுக்குத் திறந்து விட்டிருக்காங்க. மேல இருந்து பார்த்தா வயக்காட்டு நடுவுல மூணு கிணறு மாதிரி பள்ளம், நடுப் பள்ளத்துல தான் படி இறங்குது. இறங்கினதும் தண்ணி குடைஞ்ச பாதைங்க தான், ஒண்ணு இன்னொண்ணோட சேரும், பிரியும், சில இடத்துல ஆள் நிமிர்ந்து நடக்கலாம், சில இடத்துல நல்லாக் குனியணும். லைட் போட்டிருக்காங்கங்கறது உண்மை தான். ஆனா எல்லாப் பக்கமும் அதே மஞ்சள் வெளிச்சம், அதே மாதிரி வளைவு, கூட்டத்துல முன்னாடி போனவங்க எந்தப் பக்கம் திரும்பினாங்கன்னு பத்து அடி பின்னாடி இருக்கறவங்களுக்குத் தெரியாது. போன தடவை கைடு இல்லாம போனப்ப நம்ம பஸ்ல வந்த ஒரு குடும்பம், சின்னப் பசங்களோட, ஒரு கிளைப்பாதைல போயிட்டு முடிவுல வழி இல்லாம திரும்பி வந்து, நம்ம ஆளுங்க யாரும் இல்லாததைப் பார்த்து பயந்து போய் கத்தினாங்க, அந்தச் சத்தம் எந்தத் திசைலேர்ந்து வருதுன்னே எங்களுக்குப் புரியல. உள்ள சத்தம் அப்படித் தான் சுத்தி சுத்தி வரும்.

அடுத்தது எங்க அத்தை விஷயம். இது உங்க ஆபீசுக்கு அன்னைக்கே போன்ல சொன்னது தான், 'நோட் பண்ணிக்கிறோம்'னு சொன்னீங்க, நோட் பண்ணினதுக்கு அடையாளமா இந்த ப்ரோக்ராம் தான் வந்திருக்கு. அத்தைக்கு அறுபது தாண்டிடுச்சு, லேசா வீசிங் உண்டு. பேலம் குகைக்குள்ள எவ்வளவு புழுக்கம்னு யாரும் முன்னாடி சொல்லல. குகைன்னாலே ஏசி போட்ட மாதிரி ஜில்லுனு இருக்கும்னு தான் நம்ம ஜனங்க நினைக்கிறாங்க, எங்களைக் கூட்டிட்டுப் போக நீங்க பஸ்ல அனுப்பின தம்பியும் மைக்ல 'உள்ள கூலா இருக்கும்'னு தான் சொன்னார். உள்ள போய் பத்து நிமிஷத்துல சட்டை முதுகோட ஒட்டிக்கும். காத்துக்காகவே அங்கங்க வெளிக்காத்து அனுப்பற ஏற்பாடு பண்ணி வச்சிருக்காங்க, அதுலேர்ந்தே புரிஞ்சிருக்கணும். பாதாளகங்கைங்கற நிலத்தடி ஓடைக்கு இறங்கற இடம் தான் குகையோட ஆழமான இடம், தரைமட்டத்துலேர்ந்து கிட்டத்தட்ட 150 அடி கீழ, படியெல்லாம் ஈரம். அங்க இறங்கிட்டு ஏறி வரும்போது அத்தைக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சுது, உதடு வெளுத்துப் போச்சு, பேச்சு வரல. இன்ஹேலர் பஸ்ல பைக்குள்ள இருக்கு. உங்க தம்பி அதுக்கு முன்னாடியே மேல போயிட்டார், சாப்பாட்டுப் பொட்டலம் எண்ணணும்னு. உள்ள போன் சிக்னல் கிடையாது. வேற ஒரு குரூப்போட வந்த உள்ளூர் கைடு ஒருத்தர் தான் பார்த்துட்டு, அத்தையைக் காத்து வர்ற இடத்துக்கு மெதுவா நகர்த்தி உக்கார வச்சு, கூட்டத்தை ரெண்டு பக்கமும் ஒதுக்கி, 'தொந்தர லேது அம்மா, மெல்லகா' (அவசரம் இல்லம்மா, மெதுவா)ன்னு தெலுங்குல திரும்பத் திரும்ப சொல்லிட்டே இருந்தார். நான் மேல ஓடி இன்ஹேலர் எடுத்துட்டு வர்ற வரைக்கும் அவர் தன்னோட குரூப்பை நிறுத்தி வச்சிட்டு அங்கயே நின்னார். அவருக்கு நாம ஒரு ரூபா குடுக்கல. அவரை மாதிரி ஒருத்தர் தான் உங்க புது ப்ரோக்ராம்ல 'தேவையில்ல'.

அந்தத் தம்பி மேல எனக்குக் கோபம் இல்ல, அதைத் தெளிவா சொல்லிடறேன். நாப்பது பேரு, ஒரே ஆளு, டிக்கெட்டும் அவரே வாங்கணும், சாப்பாடும் அவரே பார்க்கணும், டிரைவரையும் அவரே சமாதானப்படுத்தணும், குகையையும் அவரே விளக்கணும்னா எப்படி முடியும்? இதுல முடிவு உங்களோடது, அதான் மடல் உங்களுக்கு.

விளக்கறதைப் பத்தி சொல்லணும், ஏன்னா 'கைடு சொல்றதை யாரும் கேக்கறதில்ல'ன்னு எழுதினீங்களே, அது தான் எனக்கு ரொம்ப வலிச்சுது. கைடு இல்லாத ட்ரிப்ல என்ன நடந்ததுன்னு சொல்றேன். பஸ்ல மைக்ல 'இந்தியாவுலயே ரெண்டாவது நீளமான குகை'ன்னு சொன்னாங்க, உங்க போஸ்டர்லயும் அதே தான். மேகாலயாவுல கிரெம் லியாத் ப்ராங்கற குகை மட்டுமே 30 கிலோமீட்டருக்கு மேல, கிரெம் பூரின்னு மணற்பாறைல ஒரு குகை 24 கிலோமீட்டருக்கு மேல, அதே மாநிலத்துல இன்னும் சிலதும் பேலத்தை விட நீளம் தான். சமவெளில இருக்கற குகைகள்ல பெரிசுன்னு சொல்லுங்க, அது போதும், அதுவே பெருமை தான். அப்புறம் 'வெள்ளைக்காரன் கண்டுபிடிச்சான்'னு ஒரு வரி. ராபர்ட் புரூஸ் ஃபூட்ங்கற பிரிட்டிஷ் புவியியலாளர் 1884ல அந்தக் குகையைப் பத்தி எழுதி வச்சார், சரி. ஆனா அதுக்கு எவ்வளவோ காலம் முன்னாடியே பௌத்த, சமணத் துறவிங்க அங்க தங்கியிருக்காங்க, அங்க கிடைச்ச பொருளெல்லாம் அனந்தபூர் மியூசியத்துல இருக்கு. பக்கத்து ஊர் ஜனங்களுக்கும் அது எப்பவும் தெரிஞ்ச இடம் தான்.

ஃபூட் பேரைச் சொல்றதுன்னா சொல்ல வேண்டிய விஷயம் வேற இருக்கு. அதே மனுஷன் தான் 1863ல பல்லாவரத்துல கற்கால ஆளுங்க செஞ்ச கல் ஆயுதத்தைக் கண்டெடுத்தவர். இந்தியாவுல பழைய கற்காலம்னு ஒண்ணு இருந்ததுன்னு ஆராய்ச்சி ஆரம்பிச்சதே அதுலேர்ந்து தான். உங்க பஸ் பல்லாவரத்துலயும் ஆள் ஏத்துது! இதை ஒரு வரி மைக்ல சொன்னா பஸ்ல இருக்கற பசங்க தூங்கிட்டு வருமா, கேக்குமா?

ஃபூட் பேலத்தைப் பத்தி எழுதி கிட்டத்தட்ட நூறு வருஷம் கழிச்சு, 1980கள் ஆரம்பத்துல, டேனியல் கெபாவர்ங்கற ஜெர்மன்காரர் தலைமைல ஒரு டீம் வந்து உள்ள தவழ்ந்து தவழ்ந்து அளந்து வரைபடம் போட்டாங்க, அவர் பேர்ல உள்ள ஒரு கூடமே இருக்கு, நாம அதுக்குள்ள நின்னு செல்ஃபி எடுத்துட்டு வந்தோம், யாருக்கும் தெரியாது. அந்தக் குகையே ஒரு காலத்துல குப்பை கொட்டற பள்ளமா இருந்திருக்கு. ஊர்க்காரங்க சிலர் பாடுபட்டு, அரசாங்கத்தைத் தட்டி எழுப்பி, 2002ல தான் ஜனங்க பார்க்கற இடமா மாறுச்சு. இவ்வளவு கதை இருக்கற இடத்துல 'கேக்க ஆள் இல்ல'ன்னு எப்படி சொல்ல முடியுது? சொல்ல ஆள் இல்லாததால தான் கேக்க ஆள் இல்ல.

கைடு இருந்த ட்ரிப்ல எப்படி இருந்துச்சுன்னும் சொல்லணும். அது உங்க பஸ் தான், பழைய ப்ரோக்ராம். கைடு தெலுங்கும் தமிழும் கலந்து பேசினார், திருப்பதி பக்கம் வேலை பார்த்தவராம். சிங்கத் தலை மாதிரி தெரியற சிம்மத்துவாரம்ங்கற வளைவைத் தாண்டினதும் ஒரு இடத்துல எல்லாரையும் நிறுத்தி, டார்ச்சை சுவர் மேல நேரா அடிக்காம சாய்ச்சு வச்சார். அது வரைக்கும் வழவழன்னு கருப்பா தெரிஞ்ச சுவர்ல திடீர்னு அடுக்கடுக்கா கோடு தெரிஞ்சுது, நூறு புஸ்தகத்தைப் படுக்க வச்சு அடுக்கின மாதிரி. நடுவுல ஒரு அடுக்கு மட்டும் விரல் தடிமனுக்கு வெளியே துருத்திட்டு இருந்துச்சு. 'தண்ணி மத்ததையெல்லாம் கரைச்சிடுச்சு, இந்தக் கல்லு மட்டும் கரையல, அதனால இது நிக்குது'ன்னார். அப்புறம் கூரையைக் காமிச்சு, 'தண்ணி தரையில மட்டும் ஓடல, இந்தக் குகை முழுசும் கூரை வரைக்கும் தண்ணியா நின்னிருக்கு, அதான் மேலயும் குடைஞ்சிருக்கு'ன்னார். அந்த ஒரு வரில எனக்கு மொத்த குகையும் வேறயா தெரிய ஆரம்பிச்சுது. நான் நடந்துட்டு இருக்கறது ஒரு ஆத்தோட வயித்துக்குள்ளன்னு அப்ப தான் புரிஞ்சுது.

பக்கத்துல நின்ன ஒரு அம்மா, 'இது நம்ம வீட்டு ஷெல்ஃபுல போடற கடப்பா கல்லு மாதிரியே இருக்கே'ன்னாங்க. கைடு முகம் மலர்ந்து போச்சு. 'அதே ஜாதி தான் அம்மா, இந்தச் சுத்துவட்டாரத்துல வெட்டி எடுக்கறது தான் உங்க ஊருக்கு வருது'ன்னார். தாடிபத்ரிலேர்ந்து கொலிமிகுண்ட்லா வர்ற ரோட்டோரம் பலகை பலகையா அடுக்கி வச்சிருப்பாங்களே, பஸ் ஜன்னல்லேர்ந்து எல்லாரும் பார்த்தது. அதுக்கப்புறம் அந்த அம்மா கைடு பக்கத்துலயே நடந்தாங்க, ஒவ்வொரு இடத்துலயும் கேள்வி கேட்டாங்க. யாரும் கேக்கறதில்லங்கறீங்க, நான் கண்ணால பார்த்தது இது.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன். குகையையே நாம கெடுத்துட்டு வர்றோம்.

மழைத்தண்ணி மண்ணுக்குள்ள இறங்கும்போது அங்க இருக்கற கார்பன் டை ஆக்சைடைச் சேர்த்துக்கிட்டு லேசான அமிலமா ஆகுது, அது சுண்ணாம்புப் பாறையைக் கரைச்சுட்டு கீழ வந்து, குகைக் கூரைல சொட்டா தொங்கும்போது அந்த வாயு வெளிய போயி, கரைஞ்ச சுண்ணாம்பு துளித்துளியா அங்கயே படியுது. அப்படிப் படிஞ்சு படிஞ்சு தான் அந்தத் தொங்கற கல்லெல்லாம் வந்தது. வேகம் பொதுவா வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்கு அளவு தான். விரல் நீளத்துக்கு ஒண்ணு வளரணும்னா பல நூறு வருஷம் ஆகும். அதை ஒரு தடவை கையால தடவினா, நம்ம விரல் எண்ணெய்ப் பசை ஒட்டிக்கும், அப்புறம் அந்த இடத்துல சுண்ணாம்பு சரியாப் படியாது, கருத்துப் போகும், வளர்றது நின்னு போகும்.

சப்தஸ்வர குகைன்னு ஒரு இடம் இருக்கு. அங்க தொங்கற கல்லைத் தட்டினா உலோகம் மாதிரி சத்தம் வரும், அதுக்குத் தான் அந்தப் பேரு. கைடு இல்லாத ட்ரிப்ல அங்க போனதும் உங்க தம்பி சாவியை எடுத்து ஒரு தட்டு தட்டி 'சரிகமபதநி'ன்னு காமிச்சார். அவ்வளவு தான், பசங்க தண்ணி பாட்டிலால தட்டறாங்க, பெரியவங்க செல்ஃபி ஸ்டிக்கால தட்டறாங்க, ஒருத்தர் வீடியோ எடுக்க 'இன்னொரு தடவை பலமா'ன்னு கேக்கறார். நான் வேணாம்னு சொன்னேன், 'எல்லாரும் தான் தட்டறாங்க மேடம்'னு பதில். நான் கிட்டப் போய் பார்த்தேன். ஒரு கல்லு நுனி எப்பவோ உடைஞ்சிருக்கு, வெளிப்பக்கம் கை பட்டுப் பட்டு கருப்பா பளபளன்னு இருக்கு, உடைஞ்ச வாயில மட்டும் உள்ள வெளுப்பா, மெல்லிசு மெல்லிசா வளையம் வளையமா தெரிஞ்சுது. ஒவ்வொரு வளையமும் எத்தனை மழைக்காலமோ. நுனில சொட்டு இல்ல, காஞ்சு கிடக்கு. உடைச்சது யாருன்னு எனக்குத் தெரியாது, நம்ம பஸ் ஆளுங்கன்னு சொல்லல. ஆனா தட்டிக்கிட்டே இருந்தா அடுத்தது நம்ம கையால தான் உடையும். கைடோட போன ட்ரிப்ல அதே இடத்துல அவர் தட்டவே இல்ல, 'என் தாத்தா காலத்துல தட்டினாங்க, இப்ப தட்டக் கூடாது'ன்னு வாயால சொல்லிட்டு நகர்ந்துட்டார், அன்னைக்கு ஒருத்தரும் தட்டல. சொல்ற ஆள் சொன்னா ஜனங்க கேக்கறாங்க.

மூச்சுக்காத்தும் வெளிச்சமும் கூட குகையைக் கெடுக்கும்ங்கறதுக்கு உலகத்துல பெரிய உதாரணம் இருக்கு. பிரான்ஸ்ல லாஸ்கோ குகை, ஆதி மனுஷங்க வரைஞ்ச ஓவியம் இருக்கறது, 1940ல கண்டுபிடிச்சாங்க, 1948ல ஜனங்களுக்குத் திறந்தாங்க, கூட்டம் கூட்டமா வந்தவங்க மூச்சாலயும் லைட்டாலயும் சுவர்ல பாசி பிடிச்சு ஓவியம் கெட ஆரம்பிச்சதும் 1963ல மூடிட்டாங்க. இப்ப போறவங்க பக்கத்துல கட்டின நகலைத் தான் பார்க்கறாங்க. பேலத்துல அப்படி ஓவியம் இல்லைன்னாலும், உள்ளுக்குள்ள ப்ளூடூத் ஸ்பீக்கர்ல பாட்டுப் போட்டுட்டு, சிப்ஸ் பாக்கெட்டைப் பாறை இடுக்குல சொருகிட்டு வர்ற நாப்பது பேரை, நாற்பத்தஞ்சு நிமிஷத்துல வேகமா ஓட்டிட்டு வெளிய வர்றது எந்த விதத்துல டூர்? தியான மண்டபம்னு சொல்ற இடத்துல, துறவிங்க உக்கார்ந்து தியானம் பண்ணினதா சொல்ற இடத்துல, போன தடவை குத்துப்பாட்டு ஓடிச்சு. எனக்கு அங்க நிக்கவே கூசிச்சு.

கண்டிக்கோட்டை சன்செட் எனக்கும் பிடிக்கும். பெண்ணாறு அந்தப் பாறையைக் கிழிச்சுட்டுப் போறதைப் பார்க்க யாருக்குத் தான் பிடிக்காது. ஆனா பேலத்துலேர்ந்து கண்டிக்கோட்டை ஒன்றரை மணி நேரம் தான். நேரம் போறது குகைல இல்ல. காலையில தாடிபத்ரில ரூம் போட்டு நாப்பது பேரு வரிசையா குளிச்சு, டிபன் சாப்பிட்டு, ரெண்டு பேருக்காகக் காத்திருந்து கிளம்பறதுக்குள்ள வெயில் ஏறிடுது. மதியம் ஹோட்டல்ல இன்னொரு ஒன்றரை மணி நேரம். அதையெல்லாம் விட்டுட்டு, எதைப் பார்க்க ராத்திரி முழுக்க பஸ்ல உக்கார்ந்து வந்தோமோ அதுல கை வைக்கிறது நியாயமே இல்ல.

செலவுன்னு சொல்லாதீங்க. கைடுக்குக் குடுக்கற காசை நாப்பது பேருக்குப் பிரிச்சா தலைக்கு டீ வடை காசு தான் வரும். டிக்கெட்லயே சேர்த்து வாங்குங்க, ஒருத்தரும் முணுமுணுக்க மாட்டாங்க. 'தேவைப்படுறவங்க தனியா ஏற்பாடு பண்ணிக்கலாம்'னா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும், நாலு பேர் கைடு வச்சிக்கிட்டு நின்னு நின்னு பார்ப்பாங்க, மீதிப் பேர் முன்னாடி ஓடிடுவாங்க, வெளிய வந்து 'உங்களால தான் லேட்'னு சண்டை. அந்தச் சண்டையைப் பயணிங்க தலைல கட்டாதீங்க.

அதனால நான் கேக்கறது இது தான்.

பேலம் குகைக்கு கைடை மறுபடியும் கட்டாயமாக்குங்க, அது பத்துப் பதினஞ்சு பேருக்கு ஒருத்தர்ங்கற கணக்குல இருக்கட்டும், அங்கயே இருக்கற உள்ளூர் ஆளுங்களைத் தான் வைக்கணும், தமிழ் புரியற கைடா இருந்தா இன்னும் நல்லது. நேரத்தைப் பழையபடி ரெண்டு மணி நேரமாக்குங்க. குளிக்கிறதையும் மதியச் சாப்பாட்டையும் சுருக்கி அந்த நேரத்தை எடுத்துக்கலாம்.

புக்கிங் பண்ணும்போதே எழுத்துல சொல்லிடுங்க: உள்ள புழுக்கமா இருக்கும், படி ஈரம், குனிய வேண்டியிருக்கும், மூச்சுத்திணறல், ஹார்ட் பிரச்சனை, மூட்டுவலி இருக்கறவங்க மருந்தைக் கையிலயே வச்சிக்கணும், பாதாளகங்கை வரைக்கும் கட்டாயம் இறங்க வேண்டியதில்லன்னு. உங்க ஆள் ஒருத்தர் கடைசி பயணி மேல வர்ற வரைக்கும் பின்னாடியே நடக்கணும், உள்ள போகும்போதும் வெளிய வரும்போதும் தலை எண்ணணும். சாப்பாட்டைப் பார்க்க வேற ஒருத்தரை அனுப்புங்க.

தொடக்கூடாது, தட்டக்கூடாது, ஸ்பீக்கர் கூடாது, தின்பண்டம் கூடாதுன்னு பஸ்லயே மைக்ல சொல்லணும், உங்க ஆளுங்க முதல்ல அதை நடந்து காமிக்கணும். போஸ்டர்ல இருக்கற 'இந்தியாவின் ரெண்டாவது நீளமான குகை'யை எடுத்துடுங்க. அத்தை விஷயத்துல அன்னைக்கு என்ன நடந்துச்சு, இனிமே என்ன பண்ணப் போறீங்கன்னு எனக்கு எழுத்துல ஒரு பதில் வேணும், போன்ல 'நோட் பண்ணிக்கிறோம்' போதாது.

பதிலை அதே வாட்ஸப் குரூப்ல போடுங்க, கட்டைவிரல் போட்டவங்களும் படிக்கட்டும். அடுத்த மாச ட்ரிப்புக்கு எங்க வீட்டுலேர்ந்து நாலு பேர் பேர் குடுத்து அட்வான்ஸ் கட்டியிருக்கோம். கைடு உண்டு, ரெண்டு மணி நேரம் உண்டுன்னு ப்ரோக்ராம்ல மாத்தி வந்தா மீதிப் பணம் அன்னைக்கே கட்டறோம். வரலைன்னா அட்வான்ஸைத் திருப்பிக் குடுத்துடுங்க, நாங்க தாடிபத்ரிக்கு ரயில்ல போய் அங்கயே கைடு வச்சுப் பார்த்துக்கறோம்.

இப்படிக்கு,
உங்க பஸ்ல வர்ற ஒரு பயணி